காதில் விழுந்தது

“குழம்பு கொதிச்சுக்கிட்டு இருக்கும்போதே மொத ஆளா அவளைக் கூப்பிட்டிருவோம்.”

“தட்டுலயா ஊத்தப் போற?”

“தட்டை யாரு பாத்தா? மூஞ்சியிலதான்.”

பிறகு ஒரு சிரிப்பு. பெரிய சிரிப்பு இல்லை, துணி பிழியும்போது மூச்சோடு சேர்ந்து வருகிற சிரிப்பு. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். நான் அங்கே போனது சட்டையைச் செருகிக்கொள்ளத்தான். காலையில் அவசரத்தில் பெல்ட்டைத் தளர்வாகப் போட்டுவிட்டேன், நடக்க நடக்கச் சட்டை மேலே ஏறிக்கொண்டே இருந்தது, முற்றத்தில் இத்தனை பெண்கள் பார்க்க இடுப்பில் கைவைத்துச் சரிசெய்ய எனக்குக் கூச்சம். காக்கி போட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது, கூச்சம் போகவில்லை. எங்கள் பிளாக்கின் தலைமைக் காவலர் ஜெபசீலி அக்கா கேட்பாள், “வடிவு, நீ ஜெயில் வார்டரா, இல்ல உன்னைப் பொண்ணு பாக்க வந்திருக்காவளா?” தொட்டிக்குப் பின்னால் போகாமல் இருந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்காது. குழாயைக் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவிட்டிருந்தாலும் கேட்டிருக்காது, தண்ணீர்ச் சத்தத்தில் போயிருக்கும். குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது, ஒரு ஆளின் முகம் முழுக்க அதற்குள் வந்துவிடுகிறது. முதல் குரல் குருவம்மாவுடையது. அதில் சந்தேகமே இல்லை. சமையல்கட்டுக் குருவம்மா, ஆயுள் தண்டனை, புகை குடித்துக் குடித்துக் கரகரத்துப்போன குரல், அந்தக் குரலில்தான் “அம்மாவுக்கு ஒரு டம்ளர் வடிகஞ்சி எடுத்து வெச்சிருக்கேன், உப்புப் போட்டு” என்று தினமும் என்னிடம் சொல்வாள். இன்னொரு குரல் யாருடையது என்று தெரியவில்லை. அவள் என்று சொன்னது யாரை என்றும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்துவிட்டது. இந்தப் பிளாக்கில் எல்லாரும் பெயர் சொல்லாமல் அவள் என்று சொல்வது ஒருத்தியைத்தான்.

வாசல் கம்பிக் கதவை ஒட்டி என் ஸ்டூல். அதில் உட்கார்ந்தால் முற்றம் முழுக்கத் தெரியும், துணி காயும் கொடி, கொடியின் நிழல் விழுகிற சிமெண்டுத் தரை, நிழல் நகர நகர அதோடு நகர்ந்து உட்காருகிற பெண்கள். மாரிக்கனி மட்டும் நிழலோடு நகரமாட்டாள். சுவரோரம் ஒரே இடம், வெயில் வந்தாலும் அங்கேதான். யாரும் அவள் பக்கத்தில் உட்கார்வதில்லை, அவள் எழுந்துபோன இடத்திலும் உட்கார்வதில்லை, தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். கொழுந்தனின் குழந்தையைக் கிணற்றில் தள்ளினாள் என்று வழக்கு. சொத்துத் தகராறு என்று பேப்பரில் போட்டிருந்தார்கள், குழந்தையின் பள்ளிக்கூடப் படத்தையும் போட்டிருந்தார்கள், இரட்டைச் சடை, ஒரு ரிப்பன் அவிழ்ந்த மாதிரி. அந்தப் பேப்பர் இங்கே எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் வந்தது, கை மாறிக் கை மாறி, அவள் வருவதற்கு முன்னாலேயே அந்தக் குழந்தையின் முகம் வந்து சேர்ந்துவிட்டது. அவள் செய்தாளா என்று எனக்குத் தெரியாது. முதல் வாரம் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எதையாவது சொல்லுமா என்று. காய்ப்புக் காய்த்த கை, பருத்தி எடுத்த கை, நகத்துக்குள் இன்னும் கொஞ்சம் ஊர் மண். கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் கோர்ட் எதற்கு. ஒரே ஒரு தடவை அவளாக என்னிடம் பேசியிருக்கிறாள். “அம்மா, இன்னைக்கு என்ன கெழமை?” வியாழக்கிழமை என்றேன். “சந்தை” என்றாள். அவ்வளவுதான், திரும்பவும் சுவரைப் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க எனக்கு அந்தச் சந்தை ஞாபகம், நான் போகாத ஊரின் சந்தை, தக்காளிக் கூடைகள், சாக்கு விரிப்பு, அவள் முந்தியில் முடிந்திருந்திருப்பாள் சில்லறையை.

குருவம்மாவை எனக்குப் பிடிக்கும், அதுதான் இடறுகிறது. பிடிக்காதவள் சொல்லியிருந்தால் இந்நேரம் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேனா, அப்படியும் நிச்சயமில்லை. கல்லூரியில் வருகை எடுக்கும்போது நான் சொல்கிற ‘உள்ளேன்’ முதல் பெஞ்சைத் தாண்டாது. வகுப்பில் உட்கார்ந்திருந்தபடியே பலநாள் வராதவளாக இருந்திருக்கிறேன். வரலாறு படித்தவளுக்கு வேலை எங்கே என்று அப்பா இந்தத் தேர்வுக்கு எழுதச் சொன்னார், எழுதினேன், ஓடச் சொன்னார்கள், ஓடினேன், ஓடுவதற்கு வாய் வேண்டியதில்லை. குருவம்மாவின் மகள் இங்கேயே, இந்த முற்றத்திலேயே நடக்கப் பழகினாள். பொன்னுத்தாய். தாயோடு உள்ளே இருக்கிற பிள்ளைகள் ஆறு வயசு முடிந்தால் வெளியே போய்விட வேண்டும், அது விதி. ஆவணி மாதம் அவளை விடுதிக்கு அனுப்பினார்கள். பெரிய வாசல்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனது நான்தான். “அக்கா, ரோட்டுல நாய் இருக்குமா? நெசமாவே நடக்குமா?” என்று கேட்டாள், படத்தில்தான் பார்த்திருக்கிறாள் நாயை. நான் திரும்பி வந்தபோது குருவம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “அழுதாளாம்மா?” இல்லை என்றேன். “அழ மாட்டா. ஏன் அழப்போறா” என்று சொல்லிக் கீரையை உருவிக்கொண்டே இருந்தாள், காம்பு வேறு இலை வேறாக, கடைசியில் காம்பையும் சட்டியில் போட்டுவிட்டாள். அந்தக் குருவம்மா. ஆவணிக்கப்புறம் புரட்டாசியில் இவள் வந்து சேர்ந்தாள், இரட்டைச் சடைப் படத்தோடு. நான் குருவம்மாவாக இருந்தால் என்று நினைக்கத் தொடங்கி நிறுத்திக்கொள்கிறேன். அப்படி நினைத்துக்கொண்டே போனால் கரண்டி என் கைக்கு வந்துவிடும்.

கொதிக்கிற குழம்பு எப்படி இருக்கும். கல்லூரி விடுதியில் ரசவாளி கவிழ்ந்து சமையல்காரரின் புறங்காலில் கொட்டியது. அவர் கத்தவில்லை. உட்கார்ந்து காலுறையைக் கழற்றுகிற மாதிரி எதையோ கழற்றப் பார்த்தார், அவர் காலுறை போட்டிருக்கவில்லை. ரசம் தண்ணி மாதிரி, ஓடிவிடும். குழம்பில் பருப்பு இருக்கிறது, ஒட்டிக்கொள்ளும். வேண்டாம். வேறு எதையாவது பார்க்கலாம். கொடியில் யாரோ பாவாடையைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள், நாடா தொங்கி ஆடுகிறது, ஒரு அணில் அதைப் பார்த்துப் பார்த்துப் பின்வாங்குகிறது. சமையல்கட்டிலிருந்து கடுகு தாளிக்கிற வாசனை. தாளித்தால் பிறகு எவ்வளவு நேரம்? பயிற்சியில் ஒரு நாள் சட்ட வகுப்பு எடுத்தவர் மேசையில் ஒரு பூட்டை வைத்தார், பித்தளைப் பூட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “வெளியில இருக்கிறவனை ஒருத்தன் அடிக்க வந்தா அவன் ஓடலாம். கதவைத் தாழ் போட்டுக்கலாம். இவங்க ஓட முடியாது, ஏன்னா பூட்டினது நீங்க. ஓட விடாம பண்ணினவங்கதான் காப்பாத்தியும் ஆகணும். ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சும் சும்மா இருந்தா, அடிச்சவன் குத்தம் தனி, உங்க குத்தம் தனி.” எல்லாரும் எழுதிக்கொண்டோம். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. தெரிஞ்சும் என்றால், எவ்வளவு தெரிந்தால்? பார்த்தால்தானா, கேட்டாலே போதுமா, பாதி கேட்டால்? கையைத் தூக்க நினைத்தேன், அதற்குள் டீ வந்துவிட்டது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள், நானும். இன்றைக்கு அந்தக் கேள்வி தொட்டிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருக்கிறது, பெல்ட்டும் கையுமாக.

ஜெபசீலி அக்காவிடம் சொன்னேன். சொன்னேன் என்று சொல்லிக்கொள்வது எளிது, அவள் ரெண்டு தடவை “என்னது?” என்று கேட்டு, காதை என் வாயருகில் கொண்டுவந்து, அப்புறம்தான் அவளுக்குக் கேட்டது. அவள் முகம் மாறவில்லை. பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “ஏட்டி, நீ கேக்கல. என்ன? உனக்குக் கேக்கவே இல்ல.” கேட்டதே அக்கா. “கேட்டா கேட்டதோட வெச்சுக்க. குளிக்கிற எடத்துல பொம்பளைங்க என்னெல்லாமோதான் பேசுவாளுவ. என்னைக் கொன்னு உப்புக்கண்டம் போடுவோம்னு பேசினதை நானே கேட்டிருக்கேன், போட்டாளுவளா?” நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், போகவில்லை. பேசத் தெரியாதவர்களுக்கு அது ஒன்றுதான் இருக்கிறது, போகாமல் நிற்பது. அக்கா பெருமூச்சு விட்டாள். அவள் கெட்டவள் இல்லை, மூட்டுவலி, மகனுக்கு அடுத்த மாதம் கல்யாணம், இன்னும் சில வருஷத்தில் ஓய்வு. “சரி, ரவுண்டுக்கு மேடம் வருவாங்கல்ல. அவங்க காதுல போட்டுருதேன். அதோட நம்ம தலையில இல்ல.” அப்படிச் சொன்னபோது எனக்கு எவ்வளவு லேசாகிவிட்டது. தலைச்சுமையை இன்னொருத்தி கைபோட்டு இறக்கிவிட்ட மாதிரி கழுத்து தனியாக நீண்டது. எனக்குத் தெரிந்தது அக்காவுக்குப் போய்விட்டது, அக்காவிடமிருந்து மேடத்துக்குப் போகும், மேடத்திடமிருந்து இன்னும் மேலே எங்கேயோ. அவ்வளவு லேசாக இருந்ததே, அப்போதே யோசித்திருக்க வேண்டாமா.

வாரத்தில் ஒரு நாள் ஜெயிலர் உமையாள் மேடம் பிளாக் பிளாக்காகச் சுற்றி வருவார், கைதிகள் வரிசையாக நிற்பார்கள், குறை இருந்தால் சொல்லலாம். யாரும் சொல்வதில்லை. தலைவலி மாத்திரை கேட்பார்கள், மனு போட்டு நேரில் பார்க்க வந்த தம்பியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு மேடம் வந்தார், கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடியே, காலையில் யாரிடமோ கோபப்பட்டது முகத்தில் மிச்சமிருந்தது. கம்பிக் கதவருகில் ஜெபசீலி அக்கா குனிந்து ஏதோ சொன்னாள். மேடம் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்து நான் நிம்மதியாக மூச்சு விட்டேன், விட்ட மூச்சு முடிவதற்குள் அவர் வரிசையின் நடுவில் நடந்துபோய் மாரிக்கனிக்கு முன்னால் நின்றார். எல்லாருக்கும் கேட்கிற குரல். எனக்கு இல்லாத அந்தக் குரலைக் கேட்டு நான் எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். “ஏம்மா, உன்னை யாரோ அடிக்கப் போறாங்கன்னு சொல்றாங்க. யாராலயாவது தொந்தரவு இருக்கா? இருந்தா இப்பவே சொல்லு, நான் நடவடிக்கை எடுக்கறேன்.” அணில்கூடக் கொடியில் நின்றுவிட்டது. மாரிக்கனிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, பின்னால் வரிசை, சமையல்கட்டு வாசலில் குருவம்மா ஈரக்கையை முந்தியில் துடைத்தபடி. அவளை நடுவில் நிறுத்திவைத்து, அவளுக்கு யாரால் பயமோ அவர்களுக்கு முன்னாலேயே கேட்டால் என்ன சொல்வாள். எப்போதும் இங்கே இப்படித்தான் கேட்கிறார்கள். ஒளிவு மறைவு கூடாது, எல்லார் முன்னாலும் கேட்டால்தான் நியாயம் என்று மேடம் உண்மையாகவே நம்புகிறார், அவர் குரலில் நடிப்பு இல்லை. “இல்லைங்கம்மா” என்றாள் மாரிக்கனி. “சத்தமா சொல்லு.” “ஒரு தொந்தரவும் இல்லைங்கம்மா.” மேடம் ஜெபசீலி அக்காவைப் பார்த்தார், அக்கா என்னைப் பார்த்தாள், வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. போகும்போது மேடம் என் தோளைத் தட்டினார், அன்பாகத்தான். “புதுசுல எல்லாமே காதுல விழும்மா. போகப் போகச் சரியாயிரும்.”

வரிசை கலைந்தது. கலைகிற விதமே வேறாக இருந்தது, ஒரு கல்லைச் சுற்றித் தண்ணீர் பிரிகிற மாதிரி மாரிக்கனியைச் சுற்றிப் பிரிந்தார்கள். “என்னடி மகாராணி, அம்மாகிட்டப் போட்டுக்குடுத்தியா?” என்று ஒருத்தி போகிற போக்கில் கேட்டாள். “நான் ஒண்ணும் சொல்லலக்கா.” “ஒண்ணும் சொல்லாமத்தான் உன் பேரைச் சொல்லிக் கேக்காகளோ? நாங்க எல்லாம் அடிக்கிற ஆளுக, நீ மட்டும் உத்தமி.” யாரோ சிரித்தார்கள். தொட்டிக்குப் பின்னால் கேட்ட அந்த இரண்டாவது ஆளின் சிரிப்பு இதுதானோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன், தெரியவில்லை, எல்லாச் சிரிப்பும் இப்போது ஒன்றுபோல இருந்தன. நான் செய்தது என்ன. இரண்டு பேருக்குள் இருந்த ஒன்றை முற்றம் முழுக்கத் தெளித்துவிட்டேன். காலையில் குருவம்மாவுக்கு அது ஒரு கோபம். இப்போது எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு காரியம், செய்யாமல் விட்டால் பயந்துவிட்டாள் என்பார்கள். நான் சுவரோரம் போனேன். ஸ்டூலை விட்டுக் கைதியிடம் பேசப் போகிற காவலரை எல்லாரும் பார்ப்பார்கள், பார்த்தார்கள், என் காது சுட்டது. மாரிக்கனி எழுந்து நின்றாள். “அம்மா, நீங்கதான் சொன்னீங்களா?” ஆமாம் என்று என் தலை ஆடியது. “நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க” என்றாள், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, “நேத்துவரைக்கும் யாரும் எங்கூடப் பேசமாட்டாங்க, அவ்வளவுதான்ம்மா இருந்துச்சு.” மத்தியானம் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிடேன் என்றேன். “வேணாம்னா உண்ணாவிரதம்னு எழுதி தண்டனை போடுவாகன்னு சொன்னாக. மனுவை நிறுத்திருவாகளாம். ஞாயித்துக்கெழமை எங்க அய்யா வர்றாக, பஸ்ஸுக்குக் கடன் வாங்கிக்கிட்டு.” உண்மைதான். சாப்பிட மறுப்பது இங்கே குற்றம். மத்தியான மணி அடித்ததும் எல்லாரையும் வரிசைக்கு அனுப்புவது, யாரும் உள்ளே தங்காமல் பார்ப்பது, அது யார் வேலை என்றால் என் வேலை. அவளை அந்தக் கரண்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டியவள் நானேதான்.

ஜெயிலர் அறைக்கு நான் தனியாக இதற்கு முன்னால் போனதில்லை. வராந்தாவில் நடக்கும்போது சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டே போனேன், கடைசி அறை தாண்டும்போது முதல் வாக்கியம் மறந்துபோனது, திரும்பவும் ஆரம்பத்திலிருந்து. மேடம் போனில் இருந்தார், உட்காரச் சொல்லிக் கைகாட்டினார், நான் உட்காரவில்லை. போனை வைத்ததும் சொன்னேன். இந்தத் தடவை கேட்டது. எனக்கே கேட்டது, என் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததில் நானே திடுக்கிட்டேன். “மேடம், நான் என் காதால கேட்டேன். குருவம்மா குரல்.” பெயரைச் சொன்னதும் வாய்க்குள் வடிகஞ்சியின் உப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிக்கு வீடியோவில் பேச விடுவார்கள், பொன்னுத்தாய் கேமராவுக்கு மிக அருகில் வந்து ஒரு கண்ணும் ஒரு பல்லும் மட்டும் தெரிகிற மாதிரி நிற்பாள், குருவம்மா அந்தக் கண்ணையும் பல்லையும் பார்த்துக்கொண்டே இருப்பாள், இனி அது நின்றுபோகலாம், நான் சொன்ன ஒரு பெயரால். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “குருவம்மாவா? சமையல்கட்டு மொத்தமும் அவ தலையிலதான்மா ஓடுது. இன்னைக்கு அவளை எடுத்தா இத்தனை பேருக்கு யார் வடிச்சுக் கொட்டறது? நீயா?” அவளை எடுக்க வேண்டாம், மாரிக்கனியை வேறிடத்தில் வைக்கலாம் என்றேன், தனி அறையில். “அங்க வெள்ளையடிக்கறாங்க. சாயந்திரம் காயட்டும், பாக்கலாம்.” மத்தியானம்? “அந்தப் பொண்ணே இல்லைங்கறா. நான் எல்லார் முன்னாடியும் கேட்டேன், நீயும் இருந்த. அவளே இல்லைன்னு சொன்னப்புறம் என்னை என்ன பண்ணச் சொல்றே?” அதனாலதான் மேடம் அவ இல்லைன்னு சொன்னா, எல்லார் முன்னாடியும் கேட்டதனாலதான், இதுதான் நான் சொல்ல நினைத்தது. சொன்னது, “நாளைக்கு ஏதாவது ஆனா, தெரியாதுன்னு என்னால சொல்ல முடியாது மேடம். உங்களாலயும்.” உங்களாலயும் என்பது கடைசியில் தேய்ந்து போனது, ஆனாலும் அவருக்குக் கேட்டுவிட்டது. கொஞ்சநேரம் என்னையே பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, இவள் யார், எப்போது வேலைக்கு வந்தாள் என்பதுபோல. “சாயந்திரம் மாத்தறேன்” என்றார். “அதுவரைக்கும் நீதானே அங்க இருக்க?” மறுபடி போன் அடித்தது, எடுத்தார்.

திரும்பி நடக்கும்போது வராந்தா சிறியதாக இருந்தது. காலையில் என் தலையிலிருந்து இறங்கி, அக்காவிடம் போய், மேடத்திடம் போய், ஒரு சுற்றுச் சுற்றி அது திரும்ப என்னிடமே வந்துவிட்டது. யாரும் தூக்கி எறியவில்லை, ஒவ்வொருவரும் மரியாதையாகக் கை மாற்றிவிட்டார்கள். சாயந்திரம்வரை. மத்தியானத்துக்கும் சாயந்திரத்துக்கும் நடுவில் பெரிதாக எதுவும் இல்லை, ஒரு சாப்பாடு, கொஞ்சம் தூக்கம், வெயில் ஒரு சுவரிலிருந்து இறங்கி அடுத்த சுவரில் ஏறுவது. என் வீட்டில் இந்நேரம் அம்மா டிவியை ஓடவிட்டுவிட்டுத் தூங்கிப்போயிருப்பாள். கதவு திறந்தே கிடக்கும், யார் வந்தாலும் அவள் எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விடலாம். பின்வாசல் என்று ஒன்று இருப்பதை நான் இதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. இங்கே ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பக்கம்தான் உண்டு, பூட்டு இருக்கிற பக்கம். ஒருவேளை ஒன்றுமே நடக்காது. அக்கா சொன்னதுபோல உப்புக்கண்டம் யாரும் போடப்போவதில்லை. கோபத்தில் சொன்னது குழம்பு கொதித்து அடங்குவதற்குள் அடங்கியிருக்கும். அப்படி நினைத்ததும் உடம்பு முழுக்க அதை நம்ப விரும்பியது, எவ்வளவு ஆசையாக விரும்பியது, மத்தியான வெயிலில் தூக்கம் வருகிற மாதிரி. நம்புவதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, ஸ்டூலில் உட்கார்ந்தால் போதும். முற்றத்தைத் தாண்டும்போது குருவம்மாவைப் பார்த்தேன். வழக்கம்போல “அம்மா, கஞ்சி” என்று அவள் சொல்லவில்லை. நானும் பார்வையைத் தாழ்த்தவில்லை, அது எனக்கே புதிதாக இருந்தது. அவள்தான் முதலில் திரும்பிக்கொண்டாள், அடுப்புப் பக்கம். அவளிடமே கேட்டால் என்ன? குருவம்மா, வேண்டாம். ரெண்டே வார்த்தை. கால் அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்தது, சமையல்கட்டில் அவளோடு இன்னும் நாலைந்து பேர், எல்லாரும் கைவேலையை நிறுத்திவிட்டு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தார்கள், மேடம் செய்ததையேதானே நானும் செய்யப்போகிறேன் என்று தோன்றியது, எல்லார் முன்னாலும் கேட்பது, எல்லார் முன்னாலும் அவளை இல்லை என்று சொல்லவைப்பது. கால் திரும்பிவிட்டது. மணி அடித்தது.

சோற்று அண்டா முன்னால் வந்தது, குழம்பு அண்டாவைக் கம்பு கோத்து இரண்டு பேர் தூக்கி வந்தார்கள், மூடியைச் சுற்றி ஆவி கசிந்தது. முருங்கைக்காய் வாசனை. எனக்கு நல்ல பசி இருந்தது, இந்தச் சமயத்திலும் பசி இருப்பது வெட்கமாக இருந்தது. பெண்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள், சின்னப் பிள்ளைகள் கால்களுக்கு நடுவில் நுழைந்து வந்தார்கள், “ஏ, தள்ளிப்போ, சூடு, சூடு” என்று யாரோ ஒரு பிள்ளையைப் பிடித்து இழுத்தார்கள். ஜெபசீலி அக்கா கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். குருவம்மா மூடியைத் திறந்தாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது, கலைந்ததும் அந்த முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை, ஒரு வேலையை முடித்துவிட வேண்டும் என்கிற முகம்தான், கீரை உருவியபோது இருந்த அதே முகம். நீளக் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கினாள், குமிழி வெடிக்கிற சத்தம் கேட்டது. “மாரிக்கனி” என்று கூப்பிட்டாள். உரத்துக் கூப்பிடவில்லை. “தள்ளித் தள்ளி நிக்கியே, இன்னைக்கு நீ மொதல்ல வா தாயி.” முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் கண்ணைத் தோளில் புதைத்தாள். மாரிக்கனி சுவரோரம் எழுந்து நின்று என்னைப் பார்த்தாள். போகவா என்று கேட்கிற பார்வை, காவலரிடம் அனுமதி கேட்கிற வெறும் பார்வை. இந்தத் தொண்டைக்குள் நிறைய வார்த்தைகள் இருந்தன, எல்லாம் நல்ல வார்த்தைகள், சட்ட வார்த்தைகள், ஒன்றும் வெளியே வரப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தபோது பயமாக இல்லை. உடம்பு அமைதியாக இருந்தது, ஓட்டப் பந்தயத்தில் விசிலுக்கு முன்னால் இருக்குமே, அந்த அமைதி. என் கால்கள் சுவரோரம் போயின. அவள் கையிலிருந்த தட்டை நான் வாங்கினேன், அவள் விடவில்லை, விரலைப் பிரித்து வாங்கினேன். அவளை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, விலகி நின்றவர்கள் நடுவே அவர்கள் விட்ட வழியில் நடந்தேன். “என்னம்மா, அம்மாவுக்கும் இன்னைக்கு நம்ம சோறா?” என்று வரிசையில் யாரோ கேட்டார்கள், ஒருத்தி சிரித்து உடனே நிறுத்திக்கொண்டாள். சோற்றை வைத்தார்கள். குழம்பு அண்டாவுக்கு முன்னால் போய் நின்றேன். ஆவி என் கன்னத்தில் பட்டது. குருவம்மா கரண்டியை நிறைய மொண்டு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள், விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. “தள்ளுங்கம்மா” என்றாள். நான் தள்ளவில்லை. “அம்மா, உங்களைச் சொல்லுதேன், தள்ளுங்க.” அவள் முகத்தைப் பார்த்தபடி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தட்டை நீட்டினேன்.